துப்பாக்கி உதைக்குதா? குறை உங்க உடம்பில் இல்லை, கட்டையில்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த பெண்களைக் கேட்டுப் பாருங்க. .22 ரைஃபிள் சுட்ட அனுபவம் பலருக்கு இருக்கும். அதில் தோளுக்குப் பெரிய உதை கிடையாது. அதே பெண் ஷாட்கன் பக்கம் போனால் கதையே வேறு. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிகளுக்கு 12 போர் துப்பாக்கி. முதல் நாளே தோள் கன்றும், கன்னத்தில் அடி விழும். "பொண்ணுங்களுக்கு இது ஒத்துவராது" என்று பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். அத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து மோதிய ஸ்கீட் போட்டியில் தங்கம் வென்றது சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் இருந்த ட்ராப் அணி தங்கம் வாங்கியபோது, ராஜேஸ்வரி குமாரி, மனீஷா கீர், ப்ரீத்தி ரஜக் அடங்கிய பெண்கள் அணி வெள்ளி வாங்கியது. எல்லாம் அதே 12 போர்தான்.

உதை எங்கிருந்து வருது?

போட்டித் தோட்டாவில் 24 கிராம் ஈயக் குண்டுகள். நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் அவை முன்னே பாய, துப்பாக்கி பின்னே வருகிறது. மூன்றரை கிலோ துப்பாக்கி என்றால் நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகம். சின்ன ஆளுக்குச் சின்ன துப்பாக்கி என்று 2.8 கிலோவில் ஒன்றைக் கொடுத்தால் உதையின் ஆற்றல் கால் பங்கு கூடும்! நல்லெண்ணத்தில் செய்யும் இந்தத் தவறுதான் பலரை விரட்டுகிறது.

எடையை விட முக்கியம் அளவு. ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் பெரும்பாலான துப்பாக்கிகளில் பதினாலு, பதினாலரை அங்குலம். சராசரி ஆண் உடம்புக்கான கணக்கு அது. ஐந்தடி உயரமுள்ளவர் அதைப் பிடித்தால் இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்துத்தான் தாங்க முடியும். உடம்பு எடை குதிகாலுக்குப் போய்விடும். அந்த நிலையில் உதை வாங்கினால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து அளக்கும் பழைய வழக்கத்தை நம்பாதீங்க. தோட்டா இல்லை என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பாருங்க. மூக்குக்கும் பிடியில் இருக்கும் கட்டை விரலுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இருந்தால் நீளம் ஏறக்குறைய சரி.

கன்னத்தில் அடி விழுவது வேறு கோளாறு. கட்டையின் மேல்விளிம்பு தாழ்வாக இருந்தால், கண்ணைக் குழலுக்கு நேராகக் கொண்டுவர முகத்தைத் தூக்க வேண்டியிருக்கும். உதைக்கும்போது கட்டை எகிறி வந்து கன்னத்தில் மோதும். இன்னொன்று, கட்டையின் கீழ்முனை. பெண்களுக்கு அது மார்பில் குத்தும். பின்முனையின் சாய்வை மாற்றி, கீழ்முனையைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பினால் அடி ஒரே இடத்தில் விழாமல் பரவும்.

நிற்கும் விதம் அதற்குப் பிறகுதான். எடை முன்காலில், கட்டை தோள்குழியில். புஜத்தில் வைக்கவே கூடாது. உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறோமா என்று தெரிய, பயிற்சியாளரிடம் சொல்லி நமக்குத் தெரியாமல் நடுவே போலித் தோட்டா ஒன்றைப் போடச் சொல்லலாம். வெடிக்காத அந்த ஒரு முறை குழல் ஆடினால், அன்றைக்குச் சுட்டது போதும்.

வாங்கலாமா?

உரிமம் பெற 21 வயது முடிந்திருக்க வேண்டும். அதனால் கல்லூரி வயதில் பெரும்பாலும் கிளப் துப்பாக்கிதான். அதன் கட்டையை உங்களுக்காக அறுக்க விடமாட்டார்கள். உறைபோல் மாட்டும் ரப்பர் பட்டை உதையைக் குறைக்கும், ஆனால் நீளத்தைக் கூட்டிவிடும். ஐந்தடி ஆளுக்கு அது நேர் எதிர் வேலை. மேல்விளிம்பை ஸ்பாஞ்ச் ஒட்டி உயர்த்தலாம், நீளத்தை அப்படிக் குறைக்க முடியாது. ஆகவே சேரும் முன்பே குட்டைக் கட்டை உள்ள துப்பாக்கி, இல்லையென்றால் கழற்றி மாற்றும் கட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு பணம் கட்டுங்க.