பெயரில்லாத கை: பனமலை ஓவியமும் வசாரியின் கலைஞர் வரலாற்று முறையும்

இத்தாலியக் கலை வரலாற்றைப் பயிலப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது மனிதர்களின் பெயர்களை. ஜோட்டோ, மசாச்சோ, லியொனார்தோ, மைக்கலாஞ்சலோ என ஓவியத்தைக் காணுமுன்பே ஓவியனின் வாழ்க்கை அறிமுகமாகிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்துப் பல்லவர் கலைச் சின்னங்களைப் பயில்வோரும் பெயர்களையே எதிர்கொள்கின்றனர். ஆனால் அவை பெரும்பாலும் அரசர்களின் பெயர்கள். மண்டகப்பட்டுக்கு மகேந்திரவர்மன், பனமலைக்கு இராசசிம்மன் எனப் பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. ஓவியன் இருக்க வேண்டிய இடத்தில் அரசனை அமர்த்தி, அரசனின் வாழ்க்கையைக் கொண்டு ஓவியத்தை விளக்கும் வழக்கம் தமிழில் இன்றும் தொடர்கிறது. கலையை ஒருவரின் வாழ்க்கை வழியே விளக்கும் இம்முறை அதன் பிறப்பிடமான இத்தாலியிலேயே பெரிதும் திருத்தப்பட்டுவிட்டது. அத்திருத்தம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், பனமலை ஓவிய ஆய்வுக்கு அது எவ்வகையில் பயன்படும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வசாரியின் நூலும் அதன் குறையும்

அரெத்சோ நகரில் பிறந்த ஜோர்ஜோ வசாரி (1511–1574) தாமும் ஓர் ஓவியர், கட்டடக் கலைஞர். அவர் எழுதிய கலைஞர் வரலாற்று நூல் 1550இல் பிளாரன்சில் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1568இல் வந்தது. சிமாபுவேயில் தொடங்கி மைக்கலாஞ்சலோவில் உச்சம் பெறும் வளர்ச்சியாக அவர் கலையைக் கண்டார். மெதிச்சி குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த அவருக்குப் பிளாரன்சின் பெருமையை நிலைநாட்டும் நோக்கமும் இருந்தது. ஆயினும் கைவினைஞராக மட்டும் கருதப்பட்டு வந்தவர்களை வரலாற்று மாந்தராக்கியதில் அந்நூலின் பங்கு மிகப் பெரிது.

கதை சொல்லும் ஆர்வம் சான்றை முந்திய இடங்களும் அதில் உண்டு. அந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ பொறாமையால் தம் நண்பர் தொமேனிக்கோ வெனெட்சியானோவைக் கொன்றார் என வசாரி எழுதினார். கஸ்தாஞ்ஞோவின் உருவங்களில் காணப்படும் கடுமைக்கு அக்கொலைகாரக் குணமே காரணம் எனப் பின்வந்தோர் கருத இக்கதை இடமளித்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆவணக் காப்பகங்கள் ஆராயப்பட்டபோது, கஸ்தாஞ்ஞோ 1457இலேயே இறந்ததும், கொலையுண்டதாகச் சொல்லப்பட்ட தொமேனிக்கோ 1461வரை வாழ்ந்ததும் தெரியவந்தன. கொன்றவர் முந்தி இறந்துவிட்டார்! முந்நூறு ஆண்டுகள் நிலைத்த பழியை இரண்டு தேதிகள் தகர்த்தன.

பெயரின் மீதான ஆவல் வேறு வகையிலும் வழிதவறச் செய்தது. பெர்னார்டு பெரன்சன் 1899இல் சில ஓவியங்களைத் தொகுத்து, அவற்றுக்குப் பொத்திச்செல்லியின் நண்பர் எனப் பொருள்படும் ‘அமிக்கோ தி சாந்த்ரோ’ என்ற பெயரில் ஓர் ஓவியரைப் படைத்தளித்தார். பின்னர் அவரே அக்கருத்தைக் கைவிட்டார். அவற்றுள் பல பிலிப்பினோ லிப்பியின் தொடக்ககாலப் படைப்புகளாக அடையாளம் காணப்பட்டன.

மகேந்திரன் என்னும் ஈர்ப்பு

இத்தகைய பிழைகள் தமிழகத்திற்கும் புதியவை அல்ல. மகேந்திரவர்மனின் பட்டங்களுள் ‘சித்திரகாரப்புலி’ ஒன்று. ஓவியர்களுள் புலி என்னும் இப்பட்டமும், மாமண்டூர்க் கல்வெட்டில் வரும் ‘தட்சிணசித்திரம்’ என்னும் சொல்லும், அவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனமும் சேர்ந்து அவனைக் கலைஞன் ஆக்கின. பிற பகுதிகளின் ஓவியங்களும் அவன் பெயரை நோக்கி ஈர்க்கப்பட்டன. சித்தன்னவாசல் ஓவியங்கள் அவன் காலத்தன என முதலில் கருதப்பட்டது இவ்வாறுதான். அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அங்கு அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு கவனம் பெற்ற பின்னர், அறிஞர் பலர் அவ்வோவியங்களைப் பாண்டியர் காலமான 9ஆம் நூற்றாண்டுக்கு உரியனவாகக் கொண்டனர்.

விழுப்புரம் பகுதியின் கல்வெட்டுகள் இவ்வகையில் கூர்ந்து படிக்கத்தக்கவை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்கு இலக்ஷிதாயதனம் என்னும் கோயிலை எடுப்பித்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் விசித்திரசித்தன் என்ற பட்டத்துடன் மகேந்திரன் அறிவிக்கிறான். எடுப்பித்தல் வேறு, செதுக்கல் வேறு. வேலையை ஏவியவன் யார் என்பதையே அக்கல்வெட்டு சொல்கிறது. தளவானூர்ச் சத்துருமல்லேசுவரக் குடைவரையின் சான்று இன்னும் நுட்பமானது. அங்குள்ள தமிழ்ப் பாடலை இயற்றியவர் செல்லன் சிவதாசன் எனக் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நான்கு அடி பாடிய புலவனுக்குக் கிடைத்த இடம், மலையைக் குடைந்து வாயிற்காவலரைப் படைத்த சிற்பிக்குக் கிடைக்கவில்லை. திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கைக் குடைவரையில் நின்ற கோலத் திருமாலை வடித்தவரும் யாரெனத் தெரியவில்லை.

ஆனால் பல்லவநாட்டுக் கலைஞர் அனைவருமே தம்மை மறைத்துக்கொண்ட துறவியர் என்ற பொதுக்கருத்தும் பொருந்தாது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன் முதலிய பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டிலும் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் இடம்பெறுகிறான். பெயரை விட்டுச்செல்லும் விருப்பம் அவர்களிடமும் இருந்திருக்கிறது. அதற்கான வாய்ப்புதான் அரிதாகக் கிட்டியது.

சுவரே சான்றாகும் முறை

கதைகளைத் திருத்துவதற்கு இத்தாலிய ஆய்வாளர்க்குத் துணைநின்றவை இரண்டு: ஒன்று ஆவணக் காப்பகம், மற்றொன்று சுவர். முதலாவது பனமலைக்கு வாய்க்கவில்லை, இரண்டாவது உண்டு.

ஈரச் சுண்ணப் பூச்சின்மீது நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது வண்ணமும் அதனுள் பிணைகிறது. பூச்சு உலருமுன் தீட்டி முடிக்க வேண்டுமாதலால், ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டுமே பூச்சு இடப்படும். அப்பரப்பை இத்தாலியர் ‘ஜொர்னாத்தா’, அதாவது ஒரு நாள் வேலை என்பர். மறுநாள் பூச்சின் விளிம்பு முந்தைய நாளின் விளிம்பின்மீது சற்றே ஏறி நிற்கும். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் இணைப்புகள் புலப்படும். எது முன், எது பின் என்பதும் தெரியும். பிளாரன்சின் பிரான்காச்சி சிற்றாலயச் சுவர்களில் மசோலினோ, மசாச்சோ, பிலிப்பினோ லிப்பி ஆகிய மூவர் பணியாற்றினர். அவர்களின் கைகளைப் பிரித்தறிய, 1980களில் நடந்த துப்புரவுப் பணியின்போது இவ்விணைப்புகள் பெரிதும் உதவின. வாழ்க்கைக் கதை ஏதும் தெரியாத ஓவியனின் வேலைநாள்களைக்கூட இம்முறையில் எண்ணலாம்.

பூச்சையும் வண்ணத்தையும் வேதியியல் வழியே ஆராயும் மரபு தமிழகத்திலும் உண்டு. 1931இல் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் ஜூவோ துப்ரேயும், தஞ்சைப் பெரியகோயிலில் எஸ்.கே. கோவிந்தசாமியும் பழைய ஓவியங்களைக் கண்டறிந்தனர். பின்னர்ச் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் பூச்சு, வண்ணம் ஆகியவற்றைச் சோதித்து, தஞ்சை ஓவியங்கள் ஈரப்பூச்சில் தீட்டப்பட்டவை என்றார். இவ்வழியைப் பின்பற்றியோர் குறைவு. அரசர்களின் பட்டங்களுக்கு எழுதப்பட்ட பக்கங்களில் ஒரு சிறு பங்குகூடப் பூச்சுகளுக்கு எழுதப்படவில்லை.

பனமலையில் எஞ்சியிருப்பது

இராசசிம்மன் (ஏறத்தாழ 700–728) எடுப்பித்த பனமலைத் தாளகிரீசுவரர் கோயில் ஏரிக்கரைக் குன்றின்மேல் நிற்கிறது. அதன் துணைச் சன்னதி ஒன்றில் சிவனின் ஆடலைக் காணும் உமையின் உருவம் எஞ்சியுள்ளது. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு கால் மடங்கிய ஒய்யாரம். ஆடும் சிவனின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆடல் போய், ஆடலைக் காணும் பார்வை மட்டும் நிற்கிறது. அவ்வுருவத்தின் அழகைப் பாராட்டாத நூல் இல்லை. அதன் வேலைமுறையைப் பேசும் நூல்களைத் தேடித்தான் காண வேண்டும்.

பூச்சு எத்தனை படலம், ஒவ்வொன்றின் தடிப்பு என்ன, நாள் இணைப்பு உண்டா, வண்ணம் பூச்சினுள் இறங்கியுள்ளதா அல்லது பசை கலந்து மேலே நிற்கிறதா, முதற்கோட்டுக்கும் முடிவுக்கோட்டுக்கும் இடையே ஓவியன் எதை மாற்றினான் ஆகியவை சுவரிடம் கேட்கத்தக்க வினாக்கள். அதே அரசன் எடுப்பித்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சிற்றறைகளிலும் ஓவியச் சிதைவுகள் உள்ளன. விரல், கண், அணிகலன் ஆகியவற்றை வரைந்த முறையை இரண்டு இடங்களிலும் ஒப்பிட்டால், ஒரே பட்டறை இரண்டு ஊர்களிலும் வேலை செய்ததா என்பதையேனும் ஆராயலாம். பெயர் அறியப்படாத ஓவியர்க்கு அவர்தம் படைப்பைக் கொண்டே பெயரிடுவது இத்தாலிய ஆய்வில் வழக்கம். அசிசியில் ஈசாக்கின் கதையைத் தீட்டியவர் ‘ஈசாக்கு ஆசான்’ எனப்படுகிறார். ‘பனமலை ஆசான்’ என்ற சொல்லை அவ்வாறு வழங்கத் தடையில்லை. எனினும் பெரன்சனின் அனுபவம் நினைவிலிருக்க வேண்டும்: காஞ்சியுடனான ஒப்பீடு முடியும்வரை அது ஒரு சுவரின் பெயராகவே இருக்கும். உதிரும் பூச்சில் ஒவ்வொரு விரலளவு இழப்பும் அவ்வொப்பீட்டுக்கான சான்றைக் குறைப்பதால், அளவுகோலுடனும் பக்கவாட்டு ஒளியிலும் எடுக்கப்படும் முழுமையான ஒளிப்படப் பதிவே அங்கு முதலில் நடைபெற வேண்டிய பணியாகும்.