மெயின்ஃபிரேம் கணினியில் மீண்டும் மீண்டும் வரும் மென்பொருள் பிழைகளைக் கண்காணித்தல்

மெயின்ஃபிரேம் கணினியில் ஒரு மென்பொருள் பிழை பல முறை தலைகாட்டும்போது, அவை யாவும் ஒரே பிழையின் நிகழ்வுகள் என அடையாளம் கண்டு, எண்ணி, திருத்தம் கிடைக்கும் வரை பின்தொடரும் பணி பிழைக் கண்காணிப்பு எனப்படுகிறது. வங்கி, காப்பீடு, அரசு நிர்வாகம் போன்ற துறைகளில் இரவும் பகலும் இடைவிடாது இயங்கும் இக்கணினிகளில் இப்பணி தனி முக்கியத்துவம் பெறுகிறது. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசையின் வழிவந்த இசட்/ஓஎஸ் இயக்க முறைமையில் இப்பணி நடைபெறும் விதம் கீழே விளக்கப்படுகிறது.

தேவை

ஒரு மென்பொருளில் உள்ள எல்லாப் பிழைகளும் ஒரே அளவில் தொல்லை தருவதில்லை. ஐபிஎம் ஆய்வாளர் எட்வர்ட் ஆடம்ஸ் 1984-இல் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதை எண்களால் காட்டியது. கண்டறியப்பட்ட பிழைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சராசரியாக 5000 ஆண்டு இயக்க நேரத்திற்கு ஒரு முறை மட்டுமே வெளிப்படக்கூடியவை. பயனர்கள் அடிக்கடி சந்தித்த தோல்விகளுக்கு மிகச் சிறிய எண்ணிக்கையிலான பிழைகளே காரணமாக இருந்தன. எனவே எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அறிந்தால்தான் எதை முதலில் திருத்துவது என முடிவு செய்ய முடியும்.

நிறுத்தக் குறியீடுகள்

ஒரு நிரல் தொடர்ந்து இயங்க முடியாத நிலையில் இசட்/ஓஎஸ் அதை நிறுத்திவிடுகிறது. இது 'அபெண்ட்' எனப்படும். நிறுத்தத்தின் காரணம் ஒரு குறியீடாகத் தரப்படுகிறது. அனுமதி இல்லாத நினைவக முகவரியைத் தொட முயன்றால் எஸ்0சி4 தோன்றும். எண் இருக்க வேண்டிய புலத்தில் எண்ணல்லாத தரவு இருந்தால் எஸ்0சி7 தோன்றும். ஒதுக்கப்பட்ட செயலி நேரம் தீர்ந்தால் எஸ்322, தேவையான நிரற்கூறு கிடைக்காவிட்டால் எஸ்806 ஆகியவை தோன்றும்.

குறியீடு ஒன்றாக இருப்பதாலேயே பிழையும் ஒன்றாகிவிடாது. ஒரே இரவில் இரு நிரல்கள் எஸ்0சி7 காரணமாக நின்றிருக்கலாம். ஒன்றில் உள்ளீட்டுக் கோப்பில் எண்ணுக்குப் பதில் வெற்றிடம் இருந்திருக்கலாம். மற்றொன்றில் ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு தரப்படாமல் விடுபட்டிருக்கலாம்.

அறிகுறிச் சரம்

பிழையின் அடையாளத்தை உறுதிசெய்ய, ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்கும் விவரங்கள் தேவை. நிரல் நின்ற நேரமும் அது இருந்த நினைவக முகவரியும் ஒவ்வொரு இயக்கத்திலும் மாறக்கூடியவை. நிரற்கூறின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றது என்பதோ, அந்த நிரற்கூறு மீண்டும் தொகுக்கப்படாத வரை மாறாது.

இத்தகைய நிலையான விவரங்களை ஒன்றாகக் கோத்த தொடரே 'அறிகுறிச் சரம்'. நிரற்கூறின் பெயர், அதன் உட்பிரிவின் பெயர், மென்பொருள் உறுப்பின் அடையாள எண், நிறுத்தக் குறியீடு, காரணக் குறியீடு, மீட்பு வழக்கத்தின் பெயர், தோல்வியுற்ற கட்டளையைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவை இதில் இடம்பெறும்.

டம்ப் பெருக்கத்தைத் தடுத்தல்

இயக்க முறைமையில் பிழை நேரும்போது நினைவகத்தின் அப்போதைய நிலை ஒரு கோப்பில் பதிவு செய்யப்படுகிறது. இது 'டம்ப்' எனப்படும். பிழையின் காரணத்தை ஆராய முதல் டம்ப் இன்றியமையாதது. அதே பிழை மேலும் 40 முறை வந்து 40 டம்ப்கள் சேர்ந்தால் வட்டு இடம் நிரம்பும்; பதிவு செய்யும் வேலையே கணினியைத் தாமதப்படுத்தும்; புதிய பிழை ஒன்றின் டம்ப் அக்குவியலுக்குள் கவனிக்கப்படாமல் போகும்.

இதைத் தவிர்க்க இசட்/ஓஎஸ்-இல் டிஏஇ என்னும் வசதி உள்ளது. பிழை நேரும்போது இது அறிகுறிச் சரத்தை உருவாக்கி, எஸ்ஒய்எஸ்1.டிஏஇ என்னும் கோப்பில் ஏற்கெனவே உள்ள சரங்களுடன் ஒப்பிடுகிறது. சரம் புதியது என்றால் டம்ப் எடுக்கப்படும். சரமும் கோப்பில் சேர்க்கப்படும். சரம் பொருந்தினால் நிகழ்வு எண்ணிக்கை மட்டும் கூடும்; டம்ப் தவிர்க்கப்படும். தவிர்ப்பதா, எண்ண மட்டும் செய்வதா என்பதை நிறுவனங்கள் அளவுருக் கோப்பு வழியாகத் தீர்மானிக்கலாம். குறுகிய நேரத்தில் ஒரே பிழை பல முறை வந்தால் எச்சரிக்கும்படியும் அமைக்கலாம். பல கணினிகள் இணைந்து இயங்கும் தொகுப்பில் அனைத்தும் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொள்ள முடியும். அவ்வாறு பகிரும்போது ஒரு கணினியில் கண்ட பிழை மற்றொன்றிலும் அறிந்த பிழையாகவே கருதப்படும்.

பயன்பாட்டு நிரல்களின் சாதாரண டம்ப்கள் எல்லாம் இதன் வரம்புக்குள் வருவதில்லை. அவற்றை நிரலின் பெயர், குறியீடு, நின்ற இடம் ஆகியவற்றைக் கொண்டு பராமரிப்புக் குழுக்களே பதிந்து ஒப்பிடுகின்றன.

லாக்ரெக் பதிவேடு

டம்ப் தவிர்க்கப்பட்டாலும் நிகழ்வின் தடயம் அழிந்துவிடுவதில்லை. வன்பொருள், மென்பொருள் பிழைகளின் சுருக்கமான பதிவுகள் லாக்ரெக் பதிவேட்டில் சேர்கின்றன. இஆர்இபி என்னும் நிரல் இவற்றை அறிக்கையாக மாற்றித் தருகிறது. ஒரு பிழை குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வருகிறதா, புதிய மென்பொருளை நிறுவிய பின் தொடங்கியதா என்பன போன்ற கேள்விகளுக்கு இந்த அறிக்கை உதவும்.

திருத்தம்

அறிகுறிச் சரத்தைக் கொண்டு ஐபிஎம் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் தேடினால், அதே பிழையை வேறு வாடிக்கையாளர் முன்பே அறிவித்துள்ளாரா எனத் தெரியவரும். உறுதிசெய்யப்பட்ட பிழைக்கு 'ஏபார்' எனப்படும் அறிக்கை எழுதப்பட்டு, திருத்தம் 'பிடிஎஃப்' வடிவில் வெளியாகும். எஸ்எம்பி/இ என்னும் கருவி அதை நிறுவுகிறது. சில வேளை திருத்தத்திலேயே பிழை இருக்கும். அத்தகைய பிடிஎஃப் பிழையுள்ளது எனத் தனியே குறிக்கப்படும்.

வரம்புகள்

அறிகுறிச் சரம் பிழை வெளிப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. பிழை பிறந்த இடத்தை அது காட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு நிரல் மற்றொரு நிரலின் நினைவகப் பகுதியில் தவறுதலாக எழுதிவிட்டால், பாதிக்கப்பட்ட நிரல்தான் நிற்கும். அடுத்த முறை வேறொரு நிரல் பாதிக்கப்படலாம். அப்போது ஒரே பிழை பல சரங்களாகத் தோன்றும். இதைப் பிடிக்க 'ஸ்லிப்' என்னும் கட்டளை பயன்படுகிறது. குறிப்பிட்ட நினைவகப் பகுதி மாற்றப்படும் கணத்திலேயே டம்ப் எடுக்கும்படி இதன் மூலம் பொறி வைக்கலாம்.

இதற்கு மாறாக, இரு வேறு பிழைகள் ஒரே சரத்தைத் தருவதும் உண்டு. அப்போது இரண்டாவது பிழையின் டம்ப் தவிர்க்கப்பட்டுவிடும். ஐயம் எழும்போது, அடுத்த நிகழ்வுக்குக் கட்டாயம் டம்ப் எடுக்கும்படி அச்சரத்தைக் குறித்து வைக்க முடியும்.

திருத்தம் நிறுவிய பின் நிரற்கூறு மாறுவதால் அறிகுறிச் சரமும் மாறக்கூடும். ஆகவே பழைய சரம் மீண்டும் வரவில்லை என்பது மட்டுமே பிழை நீங்கியதற்குச் சான்றாகாது. அதே நிரற்கூறில் அதே குறியீட்டுடன் புதிய சரம் எதுவும் தோன்றியுள்ளதா எனப் பார்த்த பின்னரே சிக்கல் முடிந்ததாகக் கொள்ள முடியும்.