அரை மணி நேரத்தில் இரண்டு முறை

அடுத்த முறை சிறுவர்கள் கால்பந்து ஆடுவதைப் பார்க்க நேர்ந்தால், ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். யார் கோல் போட்டார்கள் என்று குறிக்க வேண்டாம். ஒரே ஒரு பையனைத் தேர்ந்துகொள்ளுங்கள். நன்றாக ஆடுபவன் வேண்டாம். ஓரமாக நிற்கிறானே, அவன். அவனுடைய கால் பந்தின்மீது படும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

இதென்ன வேடிக்கை என்று நினைக்கிறீர்களா? ஒரு நாட்டின் கால்பந்துச் சங்கம் இதே வேலையைப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அந்த நாடு பெல்ஜியம்; பல்கலைக்கழகம் லூவன். பல வயதுப் பிரிவுகளைச் சேர்ந்த சிறுவர்களின் ஆட்டங்கள் சுமார் 1,500 படம் பிடிக்கப்பட்டன. படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணினார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் ஆட்டங்களில் சிலர் அரை மணி நேரத்தில் பந்தை இரண்டே முறைதான் தொட்டிருந்தார்கள்!

நீச்சல் கற்க வந்த குழந்தை அரை மணி நேரத்தில் இரண்டு தடவை மட்டும் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வீடு திரும்பினால், அதை நீச்சல் வகுப்பு என்று சொல்வோமா?

பெல்ஜியத்துக்கு இந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். மேற்கு ஐரோப்பாவில் உள்ள சிறு நாடு அது. 2000ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. அளவில் சிறியதானாலும் கால்பந்தில் சளைத்த நாடல்ல. 1980இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றது. 1986 உலகக் கோப்பையில் நான்காம் இடம் பெற்றது. 2000இல் நெதர்லாந்துடன் சேர்ந்து ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளைத் தன் மண்ணிலேயே நடத்தியது. அந்த ஜூன் 19ஆம் தேதி, தலைநகர் பிரஸ்ஸல்சில், சொந்த மக்கள் கண்ணெதிரே துருக்கியிடம் 2-0 என்று தோற்று முதற் சுற்றோடு வெளியேறியது. விருந்துக்கு அழைத்தவனே பந்தியில் இடமின்றி எழுந்து போன கதைதான்.

சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநராக வந்த மிஷேல் சாப்லோன் முன்பு தேசிய அணிக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அவரும் தோழர்களும் பிரான்சு, நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய அண்டை நாடுகளுக்குச் சென்று, அங்கே சிறுவர்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்த்து வந்தார்கள். ஆனால் பிறரிடம் பார்த்ததை அப்படியே இறக்குமதி செய்யாமல், தங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்க்கவும் செய்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கோல் கம்பமும் குள்ளப் பையனும்

பந்தை ஏன் இரண்டே முறை தொட்டார்கள்? எளிய வகுத்தல் கணக்குப் போதும். பெரியவர்களைப்போல் அணிக்கு 11 பேர் ஆடினால், களத்தில் 22 பேர்; பந்தோ ஒன்று. அரை மணி, அதாவது 1,800 வினாடி, பந்து ஒரு கணமும் வெளியே போகாமல், எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தாலும், ஒருவர் பங்குக்கு 82 வினாடிதான் வரும். அணிக்கு 5 பேர் என்றால் 3 நிமிடம். அணிக்கு 2 பேர் என்றால் ஏழரை நிமிடம்!

உண்மையில் பந்து சமமாகப் பங்கிடப்படுவதில்லை. இங்கேதான் களத்தின் அளவு குறுக்கிடுகிறது. பெரியவர்களின் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பரப்பைக் கணக்கிட்டு 22ஆல் வகுத்தால், ஒருவருக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் வருகிறது. எட்டு வயதுப் பையன் அவ்வளவு இடத்தை எப்படிக் காப்பான்? கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். எட்டு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 1.27 மீட்டர். அவன் எம்பிக் குதித்தாலும் குறுக்குக் கம்பத்தைத் தொட முடியாது. ஆகவே பந்தை உயரே தூக்கி உதைத்தாலே கோல் விழுந்துவிடும். ஏய்த்துக் கொண்டுபோகும் வித்தையோ, பார்த்துத் தட்டிக் கொடுக்கும் நுட்பமோ தேவையில்லை.

இப்போது நீங்களே அந்தச் சிறுவர் அணியின் பயிற்சியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க வேண்டும். பெற்றோர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார்கள். யாரைச் சேர்ப்பீர்கள்? உயரமாய், வலுவாய், வேகமாய் ஓடுகிற பையனைத்தானே!

இந்த இடத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நுழைகிறது: பிறந்த மாதம்.

சிறுவர்களை வயதுவாரியாகப் பிரிக்க ஏதாவது ஒரு தேதியை எல்லையாக வைத்தாக வேண்டும். ஜனவரி 1 என்று வைத்தால், ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள். இருவருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஓராண்டு. முப்பது வயதுக்காரர்களிடையே இது ஒரு பொருட்டல்ல. எட்டு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. உயரத்தில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். பயிற்சியாளர் கண்ணுக்கு மூத்தவன் 'திறமைசாலி'யாகத் தெரிகிறான், இளையவன் 'சுமார்'.

கனடாவின் பனி ஹாக்கி வீரர்களிடம் இந்தப் போக்கை ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடைய துணைவியாரும் கண்டு, 1985இல் வெளியிட்டார்கள். பெல்ஜியக் கால்பந்தில் இதை ஆராய்ந்தவர் லூவன் பல்கலைக்கழகத்தின் வெர்னர் ஹெல்சன். அவருக்கு ஒரு வாய்ப்பு தானாகவே அமைந்தது. பெல்ஜியத்தில் அதுவரை எல்லைத் தேதி ஆகஸ்ட் 1. அப்போது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பிறந்தவர்களே திறமைசாலிகளாக அதிகம் தேர்வானார்கள். 1997இல் உலகச் சங்கத்தின் வழக்கத்தை ஒட்டி எல்லை ஜனவரி 1க்கு மாற்றப்பட்டது. என்ன ஆயிற்று தெரியுமா? விரைவிலேயே ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள்! காலண்டரில் ஒரு கோட்டை நகர்த்தியதும் 'திறமை' ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டது.

தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியாளர், கடுமையான போட்டி, கூடுதல் பயிற்சி எல்லாம் கிடைக்கின்றன. நாளடைவில் அவன் உண்மையாகவே சிறந்த ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான். ஒதுக்கப்பட்டவன்? அவர்களில் பலர் 12 வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்றது ஹெல்சனின் ஆய்வு. பன்னிரண்டு வயது! மீசை அரும்பும் முன்பே, 'உனக்குக் கால்பந்து வராது' என்ற தீர்ப்பு. குற்றம், பிறந்த மாதம்.

சாய்சதுரங்கள்

2006இல் பெல்ஜியச் சங்கம் தன் திட்டத்தை வெளியிட்டது. மிகச் சிறியவர்கள் அணிக்கு 2 பேராக ஆட வேண்டும். ஒருவன் கோலைக் காப்பான், மற்றவனுக்குப் பந்தை உருட்டிக்கொண்டு எதிரியை ஏய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு அடுத்த வயதினர் அணிக்கு 5 பேர். களமும் சுமார் 35 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ஒருவருக்கு 88 சதுர மீட்டர் என்று ஆகிறது. பெரிய களத்தில் கிடைப்பதில் கால் பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிறகு அணிக்கு 8 பேர். அதற்கும் பிறகே 11.

2, 5, 8, 11 என்ற எண்களை யாரோ தோன்றியபடி எழுதிவிடவில்லை. காகிதத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். 5 பேரில் கோல் காவலரை நீக்கினால் 4 பேர். பின்னால் ஒருவன், இரு பக்கமும் இருவர், முன்னால் ஒருவன்: கணிதப் பாடத்தில் வரும் சாய்சதுரம். பின்னால் நிற்பவனிடம் பந்து இருந்தால், இடப்புறம், வலப்புறம், நேர் முன்னே என மூன்று வழிகள் அவனுக்குத் திறந்திருக்கின்றன. 8 பேரில் காவலர் போக 7 பேர். ஒரு சாய்சதுரத்தின்மேல் இன்னொன்றை நிறுத்தி, நடு முனையைப் பொதுவாக்கினால் 4ம் 4ம் சேர்ந்து 7! அந்த இரட்டைச் சாய்சதுரத்தைப் பக்கவாட்டில் விரித்து மேலும் மூவரைச் சேர்த்தால் பெரியவர்களின் 4-3-3 அமைப்பு கிடைக்கிறது: காப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்னணியில் மூவர்.

அதாவது, ஆறு வயதில் கற்றது பதினாறு வயதில் வீணாவதில்லை. பெல்ஜியத்தின் பழைய வழக்கம் வேறு. எதிரணியில் ஆளுக்கு ஓர் ஆளைக் காவல் போட்டு, பொறுத்திருந்து, வாய்ப்புக் கிடைத்ததும் பாய்வார்கள். தோல்வியைத் தவிர்க்க நல்ல உத்தி. பந்தோடு என்ன செய்வது என்று சிறுவனுக்கு அது சொல்லித் தருவதில்லை. புதிய முறையில் ஆளைக் காப்பதற்குப் பதில் இடத்தைக் காக்க வேண்டும். பந்து வந்ததும் முன்னேற வேண்டும். எல்லாச் சிறுவர் தேசிய அணிகளும் இப்படியே ஆட வேண்டும் என்று முடிவாயிற்று.

ஏழு, எட்டு வயதினருக்கான புள்ளிப் பட்டியலையும் ஒழித்தார்கள். பட்டியல் இல்லையென்றால் முதலிடம் இல்லை. முதலிடம் இல்லையென்றால் உயரமானவனையே தேட வேண்டிய அவசரமும் இல்லை அல்லவா? பயிற்சியாளர்களுக்கான தொடக்க வகுப்பை இலவசமாக்கினார்கள். சேர்ந்தவர் தொகை பல மடங்கு பெருகியது.

கிளப்புகள் இதை எளிதில் ஏற்கவில்லை. சாப்லோன் ஊர் ஊராகப் போய் விளக்க வேண்டியிருந்தது. தேசிய இளைஞர் அணிகள் புதிய முறைக்கு மாறியபோது தோல்விகள் வந்தன. மூத்தோர் அணியோ 2007இல் உலகத் தர வரிசையில் 71ஆம் இடத்துக்கு இறங்கிக் கிடந்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் போட்ட திட்டம் பலன் தரப் பத்தாண்டு ஆகும். பத்திரிகைகள் பத்து நாள் பொறுப்பதில்லை.

2015 நவம்பரில் பெல்ஜியம் அதே வரிசையில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். 2018 உலகக் கோப்பையில் பிரேசிலை 2-1 என்று வீழ்த்தி, முடிவில் மூன்றாம் இடம்.

எல்லாம் திட்டத்தால் வந்ததா? அவசரப்பட வேண்டாம். 2018இன் நட்சத்திரம் ஏடன் ஹசார்டு பதினான்காம் வயதிலேயே பிரான்சின் லில் கிளப்புக்குப் போனவர். வெர்டோங்கனும் ஆல்டர்வைரல்டும் இளமையிலேயே நெதர்லாந்தின் அயாக்சில் பயின்றவர்கள். திட்டம் வெளியானபோது இவர்களெல்லாம் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட பையன்கள். திட்டமே இல்லாத இன்னொரு பெல்ஜியத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாதே! மூத்தோர் உலகக் கோப்பையோ ஐரோப்பியக் கோப்பையோ இதுவரை அந்நாட்டுக்குக் கிட்டவில்லை; 2022 உலகக் கோப்பையில் முதற் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. ஆனால் கோப்பைக் கணக்கு வேறு, பையன்களின் கால்களில் பந்து பட்ட கணக்கு வேறு. இரண்டாவதை 2-2 ஆட்டமும் 5-5 ஆட்டமும் மாற்றின என்பதற்குப் பெரிய ஆய்வுகூடத் தேவையில்லை. முன்னே போட்ட வகுத்தலே சொல்லும்.

பிறந்த மாதத்தின் பிடி மட்டும் அவ்வளவு சுலபத்தில் தளரவில்லை. உடல் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே பெல்ஜியச் சங்கம் தனித் தேசிய அணி ஒன்றை அமைத்தது. இன்று தோளுயரம் குறைந்தவன் நாளை வளரும்வரை அவனை ஆட்டத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. அண்டை நாடான நெதர்லாந்தில் இன்னும் எளிய யோசனை ஒன்றைச் சோதித்தார்கள். ஐந்தோவன் நகரின் பி.எஸ்.வி. கிளப்புக்கு ஆள் தேடித் தரும் தேர்வாளர்களிடம் சிறுவர் ஆட்டம் ஒன்றைக் காட்டி, ஆடுபவர்களைத் தரப்படுத்தச் சொன்னார்கள். ஒரு குழுவினருக்கு வயது பற்றி எதுவும் சொல்லவில்லை. மூத்த பையன்களே மேலே வந்தார்கள். இன்னொரு குழுவினர் கையில் பிறந்த தேதிகளின் பட்டியலைக் கொடுத்தார்கள்; அப்போதும் மூத்தவர்களே மேலே வந்தார்கள். மூன்றாம் குழுவுக்கு, பையன்களின் சட்டையில் இருந்த எண்களே வயது வரிசைப்படி தரப்பட்டவை என்று சொன்னார்கள். ஆட்டத்தைப் பார்க்கும்போதே யார் மூத்தவன், யார் இளையவன் என்பது கண்ணில் பட்டது. அந்தக் குழுவின் தேர்வில் மட்டும் பிறந்த மாதத்தின் சாயல் மறைந்துபோயிற்று. மான், வான் கின்னிகன் என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் இதை வெளியிட்டார்கள். செலவு, சட்டை எண்ணை மாற்றித் தைக்கும் கூலி மட்டுமே.