கம்ப்யூட்டரில் கோலம் போடலாம், வாங்க!

பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லித்தான் பலரும் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். ஒரு மாதம் போனால் அது கேம்ஸ் ஆடவும் படம் பார்க்கவும் மட்டுமே என்றாகிவிடுகிறது. "பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக் கொடுங்களேன்" என்றால், "எங்களுக்கு என்ன சார் தெரியும்?" என்கிறார்கள் பெற்றோர். செஞ்சிக்கு அருகே எங்கள் அனந்தபுரத்தில் இப்படிச் சொல்லும் அம்மாக்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்களுக்குக் கோலம் போடத் தெரியுமா?"

தெரியும் என்றால் புரோகிராமின் அடிப்படை ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. "7 புள்ளி, 4-இல் நிறுத்தவும், இடைப்புள்ளி" என்று கோலப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இந்த ஒரு வரியை வைத்து யார் போட்டாலும் அதே புள்ளிகள்தான் வரும். கம்ப்யூட்டருக்கு நாம் தரும் கட்டளையும் இப்படித்தான், சுருக்கமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும்.

இது வெறும் உவமை அல்ல. சென்னை தாம்பரத்தில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி அறிவியல் முறையில் ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

முதல் விளையாட்டுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். அப்பா கூடத்தில் நிற்கட்டும். "4 அடி நட, வலது பக்கம் திரும்பு" என்று குழந்தை கட்டளை கொடுக்கட்டும். சொன்னதை மட்டும்தான் அப்பா செய்ய வேண்டும். திரும்பச் சொல்ல மறந்தால் நேரே போய்ச் சுவரில் முட்ட வேண்டியதுதான்! இதே கட்டளையை 4 முறை சொன்னால் சதுரம் வரும். 1967-இல் உருவான லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழி, இப்படி ஓர் ஆமையை நகர்த்திப் படம் வரைய வைத்துத்தான் குழந்தைகளிடையே புகழ்பெற்றது.

அடுத்து ஸ்கிராட்ச் என்ற இலவச சாப்ட்வேர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்டது. ஒருமுறை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துவிட்டால் இண்டர்நெட் இல்லாமலும் இயங்கும். எதையும் டைப் செய்து புரோகிராம் எழுத வேண்டாம். கட்டளைக் கட்டங்களை மவுஸால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும்.

திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பட்டனை கிளிக் செய்து 'பென்' என்பதைச் சேர்த்துக் கொள்ளுங்கள். திரையில் உள்ள பூனை கோலத்தை மறைக்காமலிருக்க 'ஹைட்' கொடுங்கள். இனி 7 புள்ளி வைக்கலாம்:

1. பென் அப், எரேஸ் ஆல்.
2. பென் சைஸ் 8.
3. 'கோ டு' கட்டத்தில் எக்ஸ் -120, ஒய் 0.
4. 'ரிப்பீட் 7' போட்டு, அதற்குள் பென் டவுன், பென் அப், 'சேஞ்ச் எக்ஸ் பை 40'.

பச்சைக் கொடியில் இயங்கும் கட்டத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிவிட்டுக் கொடியை கிளிக் செய்தால் நடு வரிசை தயார். அதற்கு மேல் வரிசையில் 6 புள்ளி. எங்கே தொடங்குவது? இதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். இடைப்புள்ளி என்பதால் பாதி இடைவெளி, அதாவது 20 தள்ளி, எக்ஸ் -100-இல் தொடங்க வேண்டும். ஒய் மதிப்பு 35. அடுத்து -80, 70. கடைசியாக 4 புள்ளிக்கு -60, 105. கீழ்ப் பாதிக்கு ஒய் மதிப்பில் மட்டும் மைனஸ் குறி சேர்த்தால் போதும். மொத்தம் எத்தனை புள்ளி வரும் என்று முன்பே கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை 37. மைனஸ் எண்கள் எதற்கு என்று பள்ளியில் புரியாத பிள்ளைக்கும் இங்கே புரிந்துவிடும்.

புள்ளி வைத்தாயிற்று, ஒரு பூவும் போடலாம். புதிதாகத் தொடங்கி, பென் அப், எரேஸ் ஆல், எக்ஸ் 0, ஒய் 0, பென் டவுன் என வரிசையாக வையுங்கள். பிறகு 'ரிப்பீட் 4', அதற்குள் 'மூவ் 100', 'டர்ன் 90'. இது சதுரம். இதை முழுவதும் 'ரிப்பீட் 36'-க்குள் வைத்து, ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் 'டர்ன் 10' கொடுங்கள். வட்டமான பூக்கோலம் விரியும். 36-ஐ 10-ஆல் பெருக்கினால் 360, ஒரு முழுச் சுற்று. 12 சதுரம் வேண்டுமானால் எத்தனை டிகிரி திருப்புவது? விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 20 என்று தப்பாகக் கொடுத்தாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. பூவில் ஒரு பக்கம் இதழ் குறையும். ஏன் குறைகிறது என்று பிள்ளை யோசிக்கும் அந்த நேரம்தான் நிஜமான பாடம்.

முடித்ததும் ஃபைல் மெனுவில் சேவ் செய்ய மறக்காதீர்கள். கிளிக் செய்வது குழந்தை, கோலம் சொல்வது அம்மா என்று வேலையைப் பிரித்துக் கொள்ளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் அழைத்து உட்கார வையுங்கள். புத்தகத்தில் இல்லாத கோலங்கள் அவரிடம்தான் இருக்கும்.