மின்னஞ்சல் வருகிறது, போகாததேன்?

தண்டர்பேர்டு போன்ற கணினிச் செயலிகளில் அஞ்சல் தடையின்றி வந்துசேரும். அனுப்பும் அறிக்கை மட்டும் நின்றுவிடும். வருவதற்கும் செல்வதற்கும் வழிகள் வெவ்வேறாதலின் இதில் வியப்பில்லை. செல்லும் வழி 1982-இல் வகுக்கப்பெற்ற எஸ்.எம்.டி.பி. முறையைச் சார்ந்தது.

திரையில் தோன்றும் மூன்றிலக்க எண்ணை முதலில் நோக்குக. அஃது 4-இல் தொடங்கின் தடை தற்காலிகமானது. சிறிது பொறுத்து அனுப்பலாம். 5-இல் தொடங்கின், பிழையைத் திருத்தாமல் பன்முறை அனுப்புவது வீண். 535 எனில் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. சொல் சரியாகவே இருப்பினும் இது நேரலாம்: 2022 மே இறுதியில் ஜிமெயில், தனிநபர் கணக்குகளில் பிற செயலிகள் வழக்கமான கடவுச்சொல்லைக் கொண்டு நுழைவதை நிறுத்திவிட்டது. அமைப்பில் ‘ஓஆத்2’ முறையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

எண் ஏதும் தோன்றாமல், வெகுநேரம் காத்தபின் இணைப்பு அறுந்தால், போர்ட் எண்ணைப் பார்க்க. வேண்டாத அஞ்சலைத் தடுக்க இணையச் சேவையாளர் பலர் 25-ஐ அடைத்துள்ளனர். 587 என மாற்றுக.