தன் புண்ணைத் தானே ஆற்றும் கான்கிரீட்



கத்தி பட்ட விரல் சில நாட்களில் தானே கூடிவிடுகிறது. சுவரில் விழுந்த பிளவும் அவ்வாறு கூடுமோ என்று கேட்டால் நீங்கள் நகைப்பீர்கள். ஓரளவு கூடும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்க வல்லது. இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். ஆகவேதான் அதனுள் இரும்புக் கம்பிகளை வைத்துக் கட்டுகிறோம். மயிரிழை போன்ற பிளவினால் கட்டடம் உடனே விழுந்துவிடாது. ஆனால் அதன் வழியே நீரும் காற்றும் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவோ இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெருக்க, பிளவு மேலும் விரிகிறது. மேலே சிமெண்டைப் பூசினால் பிளவின் வாய்தான் மூடும். உள்ளே பரவிய நோய் நீங்காது.

பகைவனாகிய அந்த நீரையே மருத்துவனாக்க முடியுமா? நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹென்க் யோங்கர்ஸ் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர் அதற்கு வழி கண்டார். சிலவகை பாக்டீரியாக்கள் உணவும் நீருமின்றி, வித்துப் போன்ற நிலையில் பல்லாண்டுகள் உறங்க வல்லவை. அவற்றைக் கால்சியம் லாக்டேட் என்னும் உணவோடு சேர்த்துக் கான்கிரீட்டில் கலந்தார். பிளவு வழியே நீர் இறங்கியதும் அவை விழித்தெழுந்து அவ்வுணவை உண்கின்றன; அதன் பயனாகச் சுண்ணாம்புக்கல் உருவாகிப் பிளவை அடைக்கிறது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. பண்டை உரோமானியர் கட்டிய கான்கிரீட்டில் சிறுசிறு வெண்கட்டிகள் காணப்படுகின்றன. சரியாகக் கலவாத குறை அது என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அட்மிர் மாசிக் குழுவினர் வேறு விளக்கம் தந்தனர். உரோமானியர் நீற்றாத சுண்ணாம்பையே சூடு எழக் கலந்ததால் அக்கட்டிகள் தங்கின. பிளவில் இறங்கும் நீர் அவற்றைக் கரைத்து, மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகப் படிய வைக்கிறது என்றனர். அம்முறையில் தாம் செய்த கான்கிரீட்டில் அரை மில்லிமீட்டர் பிளவை உண்டாக்கி நீரை ஓடவிட்டனர். இரண்டு வாரத்துக்குள் பிளவு மூடி, நீரோட்டம் நின்றது. நீற்றாத சுண்ணாம்பு இல்லாத கான்கிரீட்டிலோ நீர் ஓடிக்கொண்டே இருந்தது.

எனினும் ஒன்றை மறவாதீர். இம்மருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் சிறு பிளவுகளுக்கே உரியது. அடித்தளம் அமிழ்ந்து வந்த பிளவையோ, கலவையில் செய்த வஞ்சனையையோ அது ஆற்றாது. நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். நல்ல கலவையும் நேர்மையான வேலையும் முதலில் வரட்டும்; பாக்டீரியா பின்னர் வந்து துணை செய்யும்.