படி இறங்கிய படைகள்

மல்லேஸ்வரத்தில் நவராத்திரிக்குப் படியேறும் கொலு பொம்மைகள் ஒன்பது நாளும் அசையாது. 1983-ல் பிரிட்டனில் பிறந்த 'வார்ஹாமர்' ஆட்டத்திலோ பொம்மைகள் போரிடுகின்றன: குள்ளர்கள், டிராகன்கள், எலும்புக்கூட்டுப் படைகள். வர்ணம் தீட்டுவது ஆடுபவர் வேலை. நகர்வு அங்குலக் கணக்கு. வெற்றி பகடைக் கணக்கு. மாதக்கணக்கில் தீட்டிய படை ஒரே மாலையில் புறமுதுகிடும். மூவர் ஆடினால் வம்பு அதிகம்: இருவர் மோதிக் களைத்த பிறகு மூன்றாமவர் களமிறங்குவார்.

இது முழுக்க மேல்நாட்டுச் சரக்கும் அல்ல. நால்வர் பகடை உருட்டி ஆடும் இந்தியச் சதுரங்கத்தை 1030 வாக்கில் அல்பெரூனி விவரித்திருக்கிறார். ஆளுக்கு எட்டுக் காய். எதை நகர்த்துவது என்பதைப் பகடை சொல்லும்.

இன்றைய செஸ்ஸைக் கம்ப்யூட்டரோடு தனியாகவே ஆடிவிடலாம். பொம்மைப் போர் அப்படியல்ல. கொலுவைப் போல இதற்கும் நாலு பேர் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.